இவரைத் தெரியுமா?

திங்கட்கிழமை காலை இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் வாராந்தர அறிக்கையைப் போனில் திறந்தாள். எப்போதும் ஒரு நிமிடத்தில் பார்த்து மூடிவிடுகிற சமாசாரம்தான். போன வாரம் தெருவில் நடமாடிய உருவங்கள் நூற்றுப் பதினான்கு, தெரிந்தவை நூற்றுப் பதின்மூன்று, சந்தேகம் ஒன்று. அந்த ஒன்றைத் தொட்டாள். சாம்பல் நிறத்தில் ஒரு மனித உருவம் திரையில் நடந்தது. முகம் கிடையாது. இடது காலைத் தரையோடு இழுத்து, இடது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நாலு எட்டு வைத்து நின்றது. மறுபடியும் நாலு எட்டு. கீழே ‘மதிப்பு 24’ என்று சிவப்பில் போட்டிருந்தது.

அடுப்பில் என்ன இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அது அவள் புருஷன்.

“என்ன புஷ்பம், அறிக்கையில ஏதும் உண்டுமா?” என்று முன்னறையிலிருந்து ஞானதுரை கேட்டார்.

“ஒண்ணும் இல்லங்க. எல்லாம் நம்ம ஆளுகதான்.”

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது அதில் பெரியது.

கருணை நகர் இரண்டாம் தெரு பாளையங்கோட்டையை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. எதிரும் புதிருமாகப் பத்து வீடு. மூன்று வருடத்துக்கு முன்பு, பட்டப்பகல் மூன்று மணிக்குக் கொடியில் துணி எடுக்க வந்த எதிர்வீட்டு வடிவின் கழுத்திலிருந்து ஏழு பவுன் சங்கிலியை ஒருத்தன் அறுத்துக்கொண்டு போனான். அடுத்த மாதம் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுப் பூட்டு உடைந்தது. அப்போதுதான் ஞானதுரை களத்தில் இறங்கினார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர், தெருவுக்கு ‘பி.டி. சார்’. வீட்டுக்கு ஒரு விசிலைக் கொடுத்து, முறை வைத்துக் காவல் சுற்றவிட்டார். இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவ ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு சுவரில் காவல் பெட்டி வந்தது.

மாட்ட வந்த பொறியாளரை ஞானதுரை அன்றைக்குக் குடைந்து எடுத்துவிட்டார்.

“முகத்தை ஏன் காட்ட மாட்டேங்குது?”

“புதுச் சட்டம் சார். தெருவுல போற ஆளோட முகத்தை யாரும் எடுக்கவும் கூடாது, வச்சிருக்கவும் கூடாது. உருவமும் நடையும் மட்டும்தான். அதை நாலு வீட்டுப் பெட்டிக்கு அனுப்பி, ‘இவரைத் தெரியுமா’ன்னு கேக்கும். தெரியும், தெரியாதுன்னு வாயால சொன்னாப் போதும். இருபது நொடி நேரம். வீட்டுக்கு ஒரு குரல்தான் பதிய முடியும்.”

“போனை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிரலாமே வே.”

“போனைத் திருடிட்டு வரலாமே சார். நடையைத் திருட முடியாது.”

அந்தப் பதில் ஞானதுரைக்கு வெல்லமாய் இனித்தது. நடையைத் திருட முடியாது, நடையைத் திருட முடியாது என்று தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய நடையும் அப்படி. நெஞ்சை நிமிர்த்திக் கையை வீசி அவர் தெருமுனையில் திரும்பும்போதே, சாம்பல் உருவத்தைப் பார்த்த வீடுகள் சிரித்துக்கொண்டே ‘தெரியும்’ என்று சொல்லிவிடும்.

கணக்கு எளிதுதான். புது நடை முப்பது புள்ளியில் தொடங்கும். ஒரு ‘தெரியாது’க்கு ஒரு புள்ளி இறங்கும். மூன்று ‘தெரியும்’ சேர்ந்தால்தான் ஒரு புள்ளி ஏறும். கெட்ட பெயர் ஓடி வரும், நல்ல பெயர் நடந்துதான் வரும் என்பது பெட்டிக்கும் தெரிந்திருக்கிறது. இருபதைத் தொட்டால் தெருவின் இரண்டு முனைக் கதவும் பூட்டிக்கொள்ளும், சங்கு ஊதும், வீட்டுக்கு வீடு பெட்டி சிவக்கும். பிறகு போலீஸ் வரும் வரை ஆளை விடாமல் வைத்திருப்பது தெருக்காரர்கள் பொறுப்பு.

தெருக்காரர்கள் அந்தப் பொறுப்பை ஒரே ஒரு தடவை நிறைவேற்றியிருக்கிறார்கள். போன ஐப்பசியில் தோளில் பையோடு ஒருவன் வந்தான். எண் எழுதாத ஒரு வீட்டைத் தேடி நாலைந்து தடவை மேலும் கீழும் நடந்தான். சங்கு ஊதியதும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். அவன் சட்டைக் காலரைப் பிடித்தவர் ஞானதுரை. “பேரைச் சொல்லுல! பேரைச் சொல்லு!” என்று உலுக்கினார். அவன் வாயைத் திறந்தான், முதல் எழுத்தைத் தாண்டி எதுவும் வரவில்லை. சொந்தப் பெயரைச் சொல்ல இத்தனை யோசிக்கிறவன் திருடனாகத்தான் இருப்பான் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். போலீஸ் வந்து பையைத் திறந்தால் ஸ்பேனரும் பர்னர் மூடியும். ஆறாம் நம்பர் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவன், பிறவித் திக்குவாய். அதற்குள் அவன் வலது கை ஒடிந்திருந்தது. யார் ஒடித்தது என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லிக்கொள்ளாமலே எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள்.

அதையெல்லாம் தங்கபுஷ்பம் தன் வாசலில் நின்று பார்த்தவள். அதனால்தான் 24 என்ற எண்ணைப் பார்த்ததும், இருபதுக்கு இன்னும் நாலே புள்ளி என்று அவள் கணக்குப் போட்டாள்.

தை மாதம் ஞானதுரைக்கு ரத்தக் குழாய் அடைத்து இடது பக்கம் விழுந்தது. பிழைத்தது ஆண்டவர் கிருபை. கால் பாதி வந்தது, கை கால்வாசி வந்தது, பேச்சும் வந்தது. ‘ர’ மட்டும் வாயில் ஏறாமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. (அவர் பேசுவதை இந்தக் கதையில் ரகரம் சேர்த்தே எழுதியிருக்கிறேன். அந்த மரியாதையாவது அவருக்கு இருக்கட்டும்.) சித்திரையிலிருந்து சாயங்காலம் தெருவில் நாலு சுற்று நடக்கச் சொன்னார்கள். நாலரைக்கு என்றால் நாலரைக்குக் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். கூட வருகிறேன் என்றால் கோபம் வரும். “நான் என்ன நடைவண்டி பழகுத பிள்ளையா?” என்பார்.

தெருச் சங்கத்து வேலையெல்லாம் அவர் கையிலிருந்து போயிற்று. அறிக்கை பார்க்கிற இணைச் செயலாளர் பதவி அவளிடம் வந்தது. பெட்டிக்குப் பதில் சொல்கிற குரலையும் மாற்றிவிடலாம் என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “அந்த ஒரு வேலையையாவது எனக்கு விடு,” என்றார். விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு புதுப் பேச்சைப் பதிந்து கொடுத்தாள். வீட்டில் இருந்தால் பெட்டியில் சொல்வார், வெளியே இருந்தால் போனில் சொல்வார். ஒரு கேள்வியைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

அறிக்கையைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமையே அவள் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு, பெட்டி நிறுவனத்தின் உதவி மையத்தைக் கூப்பிட்டாள்.

“மேடம், எங்க கணக்குல உங்க வீட்டுக்காரர் ரெண்டு பேர்,” என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். “பழைய நடைக்காரர் தொண்ணூத்தெட்டுல இருக்கார். ஆனா தை மாசத்துக்கு அப்புறம் வரவேயில்ல. இவர் வேற ஆள். புதுசா வந்தவர்.”

“வேற ஆள் இல்லம்மா. அவியதான். சீக்காகிக் காலு இழுக்குது.”

“புரியுது மேடம். ஆனா நாங்களா சேர்க்க முடியாது. அப்படிச் சேர்க்கலாம்னா யார் வேணாலும் யாரையும் எங்க வீட்டுக்காரர்னு சொல்லிடலாமே. தெருக்காரங்க தெரியும்னு சொல்லச் சொல்ல தானா ஏறிடும்.”

“ஏறலையே. இறங்கில்லா செய்யுது.”

“அப்படின்னா தெருக்காரங்க தெரியாதுன்னு சொல்றாங்க மேடம்.”

இந்த ஒரு வாக்கியம் அவளைத் தூங்கவிடவில்லை. தெரியாதாமே! பதினாலு வருடமாக ஒரே தெரு. வடிவின் சங்கிலி போனபோது போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட நடந்தவர் யார்? மைதீன் பாய்க்கு நெஞ்சு வலி என்றதும் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர் யார்? இன்றைக்குக் கால் இழுக்கிறது என்றதும் ஆள் யாரென்றே தெரியவில்லையா? ஒருவேளை அந்த அடுப்புக்காரன் விஷயத்தை இவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கப் பார்க்கிறார்களோ? ஒரு சந்தேகத்துக்கு இடம் கொடுத்தால் அது ஒன்பது சந்தேகத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. செவ்வாய்க்கிழமை வடிவு கறிவேப்பிலை கேட்டு வந்தாள். மரம் நிறைய இலை இருந்தும் தங்கபுஷ்பம் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். மைதீன் பாய் “சார் எப்படி இருக்காவ?” என்று எதிர் வரிசையில் தன் வாசலிலிருந்து விசாரித்தார். “தெரிஞ்சவியளுக்கு நல்லா இருக்காவ,” என்றாள். பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார்.

போதாததற்கு, செவ்வாய் சாயங்காலம் நடந்துவிட்டு வந்த ஞானதுரை ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து யோசித்தார்.

“நான் நடக்கப் போற நேரமாப் பாத்து ஒருத்தன் தெருவுக்குள்ள வாரான் புஷ்பம். எனக்கென்னவோ அவன் லட்சணமே சரியில்ல.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு? நேர்ல பாத்தியளா?”

“நேர்ல ஆம்புடல. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. பின்னால வாரானோ என்னவோ.”

அடுப்புக்காரன்தான் என்று அவள் மனசு உடனே சொல்லியது. கை ஒடிந்தவன், காலரைப் பிடித்தவரைத் தேடி வந்திருக்கிறான். இவர் இப்போது ஒரு தள்ளு தாங்க மாட்டார். அவன் இந்தப் பக்கம் தாக்குவானோ, இல்லை தெருவே சேர்ந்து அந்தப் பக்கம் தாக்குமோ. சங்கு ஊதி, புதிதாகக் குடிவந்த கடைசி வீட்டு ஆட்கள் முதலில் ஓடிவந்து காலரைப் பிடித்தால்? பேரைச் சொல்லு என்று உலுக்கினால்? ‘ஞானதுரை’ என்ற பெயரில் அந்தக் கடைசி எழுத்தை அவர் எப்படிச் சொல்லுவார்? அதைச் சொல்லிப் பார்ப்பதைப் போல அவள் உதடு தானாக அசைந்தது.

புதன்கிழமை மத்தியானம் பார்த்தபோது மதிப்பு 22. நாலரைக்கு அவர் ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்கினார். இன்றைக்கு வெயில் அதிகம், வேண்டாம் என்றாள். வெயிலுக்குப் பயந்தவன் கிரவுண்டுக்கு வரக் கூடாது என்றார். அவர் தெருமுனையை நோக்கித் திரும்பியதும், இனியும் பொறுப்பதற்கில்லை என்று தங்கபுஷ்பம் விறுவிறுவென்று தெருவைக் கடந்து வடிவு வீட்டுக்குள் நுழைந்தாள்.

வடிவு முன்னறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “வாங்கக்கா,” என்று எழுந்தாள்.

“வரத்தான் செய்தேன். உன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன். எங்க வீட்டு சாரை உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“என்னக்கா கேள்வி இது?”

“பெட்டி கேக்கும்போது என்னத்தச் சொல்லுத? தெரியாதுன்னுதான சொல்லுத? அவியளத் தெரியாதுன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு வடிவு?”

வடிவின் கண்ணில் நீர் முட்டியது. வெங்காயம் பாதி, இது பாதி. “எங்க அம்மை மேல சத்தியமா நான் அப்படிச் சொன்னதே இல்லக்கா. சார் நடந்தா எனக்குத் தெரியாதா? எந்தக் காலு இழுக்குதுன்னுகூடத் தெரியும். நான் எதுக்கு…”

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த பெட்டி மணியடித்தது. ‘இவரைத் தெரியுமா?’

மேற்குப் பார்த்த வீடு. வாசல் வழியாக வந்த நாலரை மணி வெயில் நேரே பெட்டித் திரையில் விழுந்து பளபளத்துக்கொண்டிருந்தது. உருவமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் வெளிச்சம். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

“ம்ஹும், ஒண்ணும் தெரியல,” என்று முனகிவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். “நான் எதுக்குக்கா அப்படிச் சொல்லப் போறேன்?”

‘நன்றி. உங்கள் பதில் பதிவானது,’ என்றது பெட்டி.

தங்கபுஷ்பம் தன் போனைப் பார்த்தாள். 22 என்றிருந்தது 21 ஆயிற்று.

தங்கபுஷ்பம் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே வெங்காயத்தோலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். “அட பாவி மட்டை!” என்று பெட்டியைத் திட்டினாள். “உனக்கா கண்ணு தெரியல, எங்களுக்கா?”

வாசலில் நின்று உதவி மையத்தைப் பிடித்தபோது ஞானதுரை இரண்டாம் சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முனைக்கு முனை போய்வர அவருக்குப் பத்து நிமிடமாகும். திங்கட்கிழமை பேசிய அதே பெண்தான் எடுத்தாள்.

“தெரியலன்னா என்னம்மா அர்த்தம் உங்க பெட்டிக்கு?”

“தெரியலைன்னா தெரியாதுன்னுதானே மேடம்?”

“இல்லம்மா. நீ திரையப் பாக்க. வெயில் அடிக்குது. உருவம் கண்ணுக்கு ஆம்புடல. அப்ப என்ன சொல்லுவ?”

“தெரியலைன்னு சொல்லுவேன்,” என்றாள் அந்தப் பெண் மெதுவாக. “ஐயோ.”

“அதான். எதிர்த்த வரிசை அஞ்சு வீடும் மேக்குப் பாத்த வீடு. சாயங்காலம் ஆனா அத்தன பேருக்கும் தெரியாது… கண்ணுக்குத் தெரியாது. அத நீங்க ஆளையே தெரியாதுன்னு எழுதிக்கிட்டா?”

“காலையில, மத்த நேரத்துல இந்தச் சிக்கலே வரலை மேடம், அதான் யாரும் கவனிக்கலை. ஒரு நிமிஷம் இருங்க, குரல் பதிவையெல்லாம் எடுக்கறேன்.”

ஒரு நிமிடம் ஏழு நிமிடமாயிற்று. அதற்குள் வடிவு சும்மா இருக்கவில்லை. சங்கிலி போன அன்றைக்குக்கூட அவள் அப்படி ஓடியிருக்க மாட்டாள். மைதீன் பாய் வீட்டு ஜன்னலில் நின்று, “பாய், பெட்டி கேட்டாத் தெரியலன்னு சொல்லாதிய! ஆள் சார்தான், தெரியும்னு சொல்லுங்க!” என்று கத்தினாள். வரிசையில் அடுத்தடுத்த வீட்டுக்கும் ஓடினாள். பாய் வெளியே வந்து இங்கே பார்த்து, “நான் கண்ணாடி போடாம தெரியலன்னுல்லா சொல்லிட்டு இருந்தேன்,” என்று நெஞ்சில் கை வைத்தார். நேற்று அவரிடம் பேசிய பேச்சை நினைத்துத் தங்கபுஷ்பத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஞானதுரை மூன்றாம் சுற்றை நடந்துகொண்டிருந்தார். இந்த அமளியைப் பார்த்து, ஏதோ வெங்காயத் தகராறு என்று நினைத்தவர்போல் சிரித்துவிட்டுப் போனார்.

“மேடம்,” என்று குரல் திரும்பி வந்தது. “இதுவரைக்கும் இருபது புள்ளி ஏறியிருக்கு, இருபத்தொன்பது இறங்கியிருக்கு. அதுல பதினெட்டு நீங்க சொன்ன மாதிரி ‘தெரியல’. மன்னிச்சிடுங்க. அதையெல்லாம் எடுக்கச் சொல்லி எழுதிட்டேன். ஆனா திருத்தம் நாளைக்குக் காலையிலதான் ஏறும்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு இருபத்தொண்ணுலதான் நிக்கும். இனிமே யாரும் தெரியாதுன்னு சொல்லாம இருந்தாப் போதும்.”

“சொல்ல மாட்டாவ. எல்லார்ட்டயும் சொல்லியாச்சு.”

“இன்னொண்ணு மேடம்.” அந்தப் பெண் தயங்கினாள். “மீதி பதினொண்ணு ‘தெரியல’ இல்ல. சுத்தமா ‘தெரியாது’. பதினொண்ணும் ஒரே வீடு. அவர் மட்டும் நிச்சயமாச் சொல்லியிருக்கார். வீட்டு நம்பரை நான் சொல்லக் கூடாது. இணைச் செயலாளர்ங்கறதால குரலைக் கேக்கலாம். யாருன்னு தெரிஞ்சா நீங்களே பேசிப் பாருங்க.”

போனில் ஒரு சின்னக் கரகரப்பு. பிறகு அந்தக் குரல் வந்தது. நிமிர்ந்த குரல். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும்படி முப்பது வருடம் பேசிப் பழகிய குரல்.

“தெயியாது. நம்ம தெயு ஆளு இல்ல.”

தங்கபுஷ்பத்துக்குக் காது அடைத்துப்போயிற்று. உதவி மையத்துப் பெண் “ஹலோ, மேடம்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் நடக்கப் போற நேரமாப் பாத்து ஒருத்தன் வாரான். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. அவன் லட்சணமே சரியில்ல. ஆண்டவரே, அவர் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறார், தினமும் சவரம் செய்கிறார். நடையை எந்தக் கண்ணாடியில் பார்ப்பார்? அவர் மனசுக்குள் இன்னும் தொண்ணூற்றெட்டுக்காரர்தான் கையை வீசி நடந்துகொண்டிருக்கிறார்.

நாலாம் சுற்று. அவர் தெருவின் பாதியில், புங்க மரத்துக்குக் கீழே நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அவள் ஓடினாள். ஐம்பத்தைந்து வயதில், செருப்பில்லாத காலோடு, சூடு ஏறிய தார்ச்சாலையில் ஓடினாள். தெருமுனையில் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. கடைசி வீட்டுப் புது ஆட்கள் இரண்டு பேர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு குரல். அவள் என்ன கத்தினாலும் அந்தப் போன் அதை எடுத்துக்கொள்ளாது.

‘இவரைத் தெரியுமா?’ என்றது போன்.

ஞானதுரை வலது கையால் வெயிலை மறைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க வந்து நின்றதும் திரையை அவள் பக்கம் திருப்பினார். “நல்ல நேரத்துல வந்த. பாரு, இவன்தான். நான் சொன்னேன்லா.”

சாம்பல் உருவம் காலை இழுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தது. நின்றது. ஓரத்தில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. பதினான்கு. பதின்மூன்று. அவர் சொல்ல வாயெடுத்தார்.

“இவியள எனக்குத் தெரியும்,” என்றாள் தங்கபுஷ்பம்.

“உனக்கா?” அவர் நம்பவில்லை. “உனக்கு எப்படித் தெரியும்? யாரு?”

அது நீங்கள்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தாள், நாக்கு நகரவில்லை. பத்து. ஒன்பது.

“எத்தன நாளாத் தெரியும்?” என்று அவர் விடாமல் கேட்டார். விசாரணை என்றால் விசாரணைதான் அவருக்கு.

“முப்பத்திரண்டு வருசமா.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, ஒளிக்கவும் இல்லை. பிறகு அவர் திரையைப் பார்த்தார். அங்கே நெஞ்சோடு மடங்கிக் கிடந்த இடது கையைப் பார்த்தார். அப்புறம் மெல்லத் தலையைக் குனிந்து, தன் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் அதே மாதிரி மடங்கிக் கிடந்த கையைப் பார்த்தார். நான்கு. மூன்று.

“தெயியும்,” என்றார்.

‘நன்றி. உங்கள் பதில் பதிவானது.’

தெருமுனைக் கதவு திறந்தபடியே கிடந்தது. கடைசி வீட்டுக்காரர்கள் பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். வடிவு தன் வாசலில் நின்று, என்ன ஆயிற்று என்று கையால் கேட்டாள். தங்கபுஷ்பம் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். ஞானதுரை போனைப் பையில் போடப் பார்த்தார். அது இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை விழுந்தது.

“இந்த நடைக்கு நான் கிரவுண்டைச் சுத்தி ரெண்டு ரவுண்டு ஓட விட்டிருப்பேன்,” என்றார்.

அவள் அவருடைய இடது கையைப் பிடித்தாள். இத்தனை நாள் உதறியவர் இன்றைக்கு உதறவில்லை. அரைச் சுற்று பாக்கி இருந்தது. இரண்டு பேரும் நடந்தார்கள். நாலு எட்டு வைத்தார், நின்றார், மறுபடியும் நாலு எட்டு. ஆறாம் நம்பர் வீட்டு வாசல் வந்ததும், எட்டுக் கணக்கு முடியாமலே நின்றுவிட்டார். ஐப்பசியில் சங்கு ஊதியபோது எல்லாரும் ஓடிவந்து வட்டம் கட்டிய இடம் அது.

“அன்னைக்கு எத்தன தடவ கேட்டேன்,” என்றார். “அவனுக்கு வாயில வரல, அவ்வளவுதான். எனக்கு வராத மாதிரி.”

அவள் அவர் கையை விடாமல் நின்றாள்.

“அந்த அடுப்புக்காரன் பேரு என்ன புஷ்பம்?”

அவள் யோசித்துப் பார்த்தாள். போலீஸ் வந்தது, பையைத் திறந்தது, ஆம்புலன்ஸ் வந்தது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு யாரும் அவனிடம் பேர் கேட்டதாக ஞாபகம் இல்லை.

“தெரியாதுங்க,” என்றாள்.